ஆடும் மூடி வளையம், உதிர்ந்த நீல வைரம்: வேக்குமேட்டிக் பேனாவுக்கு என்ன செய்யலாம்?

கூர்நிப்:
அத்தையின் பழைய மைப்பேனா, பார்க்கர் நிறுவனத்தின் வேக்குமேட்டிக், இப்போது என்னிடம் இருக்கிறது. உள்ளே மையை உறிஞ்ச உதவும் ரப்பர் சவ்வை மாற்றியாகிவிட்டது, எழுத்தில் குறையே இல்லை. மூடியைப் பார்த்தால்தான் மனம் கேட்கவில்லை. பொன் வளையம் விரல் பட்டாலே சுற்றுகிறது. கிளிப்பில் உள்ள நீல வைரத்தில் (கல் அல்ல, வைர வடிவக் குழியில் நிரப்பிய நீலப் பூச்சு) பாதி எனாமல் உதிர்ந்து, வெறும் குழி தெரிகிறது. கிளிப்பின் நுனியில் பொன் தேய்ந்து பித்தளை எட்டிப் பார்க்கிறது. வளையத்துக்குள் ஒரு சொட்டு சூப்பர் குளூ விட்டு, கிளிப்புக்குப் புதிதாக முலாம் பூசிவிடலாமா?

அரக்குச்சிமிழ்:
சூப்பர் குளூவைத் தயவுசெய்து எடுத்து வைத்துவிடுங்கள். பேனா பழுதுபார்க்கத் தொடங்கிய காலத்தில் நானும் ஒரு வளையத்துக்கு அதைத்தான் விட்டேன். மறுநாள் வளையத்தை ஒட்டி மூடி முழுக்க வெண்படலம் பூத்திருந்தது. பசையின் ஆவி படிந்து வந்த படலம் அது. தேய்த்து எடுப்பதற்குள் மூடியின் மெருகும் போய்விட்டது. அந்த மூடியை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

வளையம் ஏன் ஆடுகிறது என்று முதலில் பாருங்கள். உலோகம் விரியவில்லை, மூடியைச் செய்த செல்லுலாய்டு என்ற பழைய வகைப் பிளாஸ்டிக்தான் சுருங்கியிருக்கிறது. அதில் கலந்த கற்பூரம் ஆண்டுக்கணக்கில் மெல்ல ஆவியாகிக்கொண்டே இருக்கும். அதனால் இடைவெளியை நிரப்பினால் போதும், இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. நான் பயன்படுத்துவது அவலரக்கு, அதாவது ஷெல்லாக். தேன் பதத்துக்குக் கெட்டியாக இருக்கட்டும். நீர்த்துப்போனால் அதிலுள்ள ஆல்கஹால் செல்லுலாய்டையே இளக்கிவிடும். ஊசிமுனையில் தொட்டு, வளையத்தின் விளிம்பில் மூன்று நான்கு இடங்களில் மட்டும் வையுங்கள். வளையத்தை ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே பரவவிட்டு, வழிந்ததை உடனே துடைத்து, இரண்டு நாள் தொடாமல் வையுங்கள். பின்னொரு நாள் கழற்ற வேண்டியிருந்தால் மிதமான சூட்டிலேயே அரக்கு இளகிக்கொடுக்கும். அப்போதும் 60 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டாம், தீச்சுடர் பக்கத்திலேயே இருக்கக் கூடாது. செல்லுலாய்டு சட்டென்று பற்றிக்கொள்ளும் பொருள்.

நீல வைரம் இருப்பதால் உங்கள் பேனா 1939க்கு முந்தியதாக இருக்க வாய்ப்பில்லை. பார்க்கர் தன் வாழ்நாள் உத்தரவாதத்துக்கு வைத்த அடையாளம் அது. அதற்கு வண்ணம் தீட்டுமுன் கிளிப்பைக் கழற்றிவிடுங்கள். மூடியின் உச்சியில் உள்ள மணியை ரப்பர் துண்டால் பிடித்துத் திருகினால் வந்துவிடும். இடுக்கி வேண்டவே வேண்டாம், மணி நொறுங்கிவிடும். பிறகு, சிறு பொம்மைகளுக்குப் பூசும் எனாமல் வண்ணத்தைப் பல்குச்சி நுனியால் குழிக்குள் விடுங்கள். ஒரே தடவையில் நிரப்பினால் காயும்போது நடுவில் பள்ளம் விழும். மெல்லிய பூச்சாக மூன்று முறை விடுவது நல்லது. நகப்பூச்சு கைவசம் இருக்கிறதே என்று தோன்றலாம். அதன் கரைப்பான் ஒரு துளி மூடியில் பட்டாலும் தழும்பு விழும்.

பித்தளைமுகம்:
முலாம் பற்றி மட்டும் சொல்கிறேன். கிளிப்பின் மேல் இருப்பது மின்முலாம் அல்ல, பித்தளையோடு சூட்டிலும் அழுத்தத்திலும் பிணைத்த பொன் தகடு. இன்று பூசிக் கொடுக்கும் முலாமைவிடப் பல மடங்கு தடிமனானது. புது முலாம் ஏற வேண்டுமானால் முதலில் கிளிப்பைச் சக்கரத்தில் தேய்த்து மெருகேற்றுவார்கள். அம்பு வடிவக் கிளிப்பின் இறகுப் பகுதியில் உள்ள மெல்லிய கோடுகள் அப்போதே மழுங்கிவிடும். கோடுகள் இன்னும் கூர்மையாக இருக்கின்றன என்றால் நான் தொட மாட்டேன். உலோகப் பாலிஷும் வேண்டாம், மென்துணியால் துடைத்தால் போதும்.

கூர்நிப்:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், இருவருக்கும் நன்றி. வளையம் இப்போது அசைவதில்லை. மணியைத் திருகத்தான் ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஆனது. வெதுவெதுப்பான துணியைச் சுற்றி வைத்துப் பொறுமையாகத் திருகிய பிறகே இளகியது. நீலம் முதல் பூச்சில் பளிச்சென்று கண்ணை உறுத்தியது. அடுத்த இரண்டு பூச்சிலும் கறுப்பை ஊசிமுனை அளவு கலந்தேன். உதிராமல் மிஞ்சியிருந்த பழைய நீலத்தோடு இப்போது ஒத்துப்போகிறது. சாய்த்துப் பிடித்தால்தான் சேர்ந்த இடம் தெரிகிறது.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், இறகின் கோடுகள் எல்லாம் கூர்மையாகவே இருக்கின்றன. கிளிப்பின் நுனியிலும் தேய்மானம் ஒரே பக்கத்தில்தான். அத்தை ஆசிரியையாக இருந்தவர், இந்தப் பேனாவை வருகைப் பதிவேட்டின் கெட்டி அட்டையில்தான் செருகி வைப்பார். அட்டையில் உராய்ந்த பக்கம் அது. அதை அப்படியே விட்டுவிட்டேன்.