கொழுக்கட்டையை வாசலோடு திருப்பி அனுப்புவதா சாட்சியுள்ள வாழ்க்கை?

வேளச்சேரி_விசுவாசி:
பிள்ளையார் சதுர்த்திக்குப் பக்கத்து வீட்டிலிருந்து வந்த கொழுக்கட்டையை வாசல்லயே திருப்பி அனுப்பினதைத் தன் விசுவாசத்துக்குச் சாட்சின்னு ஒருத்தர் நேத்து இங்க எழுதியிருந்தார். மனசு ஆறல. 2015 டிசம்பர் வெள்ளத்துல எங்க வீடு மூழ்கினப்போ மூணு நாள் சோறு போட்டது மாடி வீட்டு மாமி. அவங்க தட்டை எப்படிங்க திருப்பி அனுப்புறது? பைபிள்ல 1 கொரிந்தியர் 10:27-ல, அவிசுவாசி கூப்பிட்டா, வைக்கிறதை ஒண்ணும் விசாரிக்காம சாப்பிடச் சொல்றார் பவுல்.

அயனாவரம்77:
எழுதினது நான்தான், என்கிட்டயே கேட்டிருக்கலாம். 27 படிச்ச பிரதர் கண்ணுக்கு 28 தெரியலையா? விக்கிரகத்துக்குப் படைச்சதுன்னு யாராவது சொல்லிட்டா சாப்பிடாதேன்னு இருக்கு. பக்கத்து வீட்டு அம்மா அப்படிச் சொல்லித்தான் நீட்டினாங்க.

வேளச்சேரி_விசுவாசி:
29? அது சொன்னவங்க மனசாட்சிக்காகன்னு பவுலே சொல்றாரே! அந்தம்மா மனசு நோகாதா? அரிசி மாவு, தேங்காய், வெல்லம். இதுல எங்க இருக்கு விக்கிரகம்?

அயனாவரம்77:
28.

மந்தவெளி_அக்கா:
ஆகஸ்ட் 29 கொடியேத்தத்துக்குக் காவி கட்டிப் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயிலுக்கு நடந்து வர்றவங்கள்ல இந்துக்களும் இருக்காங்க. நாங்க யாரையும் வாசல்ல நிறுத்தறதில்ல. நற்செய்தின்னா அதுதான் தம்பி.

அயனாவரம்77:
நாங்க சொல்ற மாதிரி சுவிசேஷம்னு சொல்ல கத்தோலிக்கர் உங்களுக்கு வாய் வராதா?

மந்தவெளி_அக்கா:
நற்செய்தி தமிழ். சுவிசேஷம் எந்த மொழின்னு பாத்துட்டு வாங்க.

வேளச்சேரி_விசுவாசி:
அக்கா, அதை விடுங்க. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனையை நம்ம சபைகள்ல உருகிப் பாடுறோமே, அந்தக் கர்நாடக ராகம் பெத்லகேம்ல இருந்தா வந்துச்சு? ராகம் ஆகும், கொழுக்கட்டை ஆகாதா?

அயனாவரம்77:
ராகத்தை யாரும் விக்கிரகத்துக்கு முன்னால வெச்சுப் படைச்சுட்டு எனக்குத் தரல. பல சபைகள் சேந்து உருவான சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை)க்காரங்களுக்கு 1947-லருந்தே சமரசம் பழகிப்போச்சு. சபையில டிரம்ஸ் வாசிக்கலாமான்னு இங்க நடந்த சண்டையிலயும் இப்படித்தான் நழுவினீங்க.

வேளச்சேரி_விசுவாசி:
பிரிஞ்சு கிடந்த சபைகள் ஒண்ணு சேந்ததைச் சமரசம்னு சொல்றீங்களா? உங்க தெருவுல சபை நடத்துற ஊழியக்காரர்கள் ஒருத்தரோட ஒருத்தர் முகம் பாக்கறதில்ல, முதல்ல அதைச் சரி பண்ணுங்க. டிரம்ஸ்ல நான் நழுவல, உங்க கடைசிப் பதிவுக்குப் பதில் போட்டேன், நீங்கதான் காணாமப் போனீங்க. கிறிஸ்துமஸுக்கு அந்தம்மா வீட்டுக்குக் கேக் கொண்டு போவீங்கதானே? அவங்க வாசல்லயே திருப்பி அனுப்பினா உங்களுக்கு எப்படி இருக்கும்?

அயனாவரம்77:
கேக்கை நான் யாருக்கும் படைக்கல.

பெரம்பூர்_லோகோ:
ஜெபம் பண்ணாமலா வெட்டுவீங்க?

அயனாவரம்77:
ஜெபமும் படையலும் உங்களுக்கு ஒண்ணா? அவங்க பலியிடுறது பேய்களுக்குன்னு சொல்ற 20-ஐயும் சேத்துப் படிங்க.

வேளச்சேரி_விசுவாசி:
20 கோயில் பந்தியைப் பத்தினது, 27 வீட்டுச் சாப்பாடு. அந்தம்மா கொடுத்தது வீட்டுல.

அயனாவரம்77:
வீடுதான். சொல்லிட்டுக் கொடுத்தாங்க. 28.