மாப் எண்ணிக்கை சரி

வைகைக்கரை:
அம்மாவுக்குக் கர்ப்பப்பையை அகற்றி ஏழு மாதங்களாகியும் வலி நிற்கவில்லை. தையல் போட்ட இடம் அப்படித்தான் இழுக்கும் என்று மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். வேறு ஊரில் மறுபடி வயிற்றைத் திறந்தபோது, செவிலியர் ஒருவர் என்னை மட்டும் அழைத்து எஃகுத் தட்டைக் காட்டினார். பழுப்பேறிச் சுருண்ட துணிப்பந்து ஒன்று கிடந்தது; அறுவையின்போது இரத்தத்தை ஒற்றியெடுக்கும் 'மாப்' துணியாம். அதில் ஓடிய நீல நூல் மட்டும் நிறம் மாறவில்லை. எக்ஸ்ரேயில் தெரிவதற்காகவே அந்த நூலை வைத்து நெய்கிறார்களாம். முதல் மருத்துவமனையின் குறிப்பிலோ "மாப் எண்ணிக்கை சரி" என்று எழுதிக் கையொப்பமும் இட்டிருக்கிறார்கள். அம்மா தேறிவிட்டார், வழக்கு வேண்டாம் என்கிறார். எனக்குத்தான் அந்த நூல் கண்ணை விட்டு அகலவில்லை.

நுகர்வோன்:
என் தந்தைக்குக் குடலிறக்க அறுவையில் நரம்பு அறுபட்டது. இன்றும் தொடையில் உணர்ச்சி இல்லை. நான் தாமதித்துக் கெட்டேன், நீங்கள் தாமதிக்காதீர்கள். கட்டணம் வாங்கிச் செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பது 1995இலேயே உச்ச நீதிமன்றத்தில் முடிவான விஷயம். புகார் கொடுக்க இரண்டு ஆண்டுகள்தான் கெடு. உள்ளே துணி இருந்ததே தெரியாதே என்று வாதிடலாம். ஆனால் 1993இல் நடந்த பித்தப்பை அறுவையில் தங்கிய துணி 2002இல் வெளிவந்த வழக்கில், அத்தனை ஆண்டுகள் வலியிருந்தும் அந்த மருத்துவரிடம் ஏன் போகவில்லை என்று கேட்டு, 2010இல் உச்ச நீதிமன்றம் புகாரைத் தள்ளிவிட்டது. உங்கள் அம்மா மூன்று முறை போனாரே, அந்தச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். காவல் நிலையத்துக்கு ஓடாதீர்கள்: உச்ச நீதிமன்றத்தின் 2005 தீர்ப்புக்குப் பிறகு மிக மோசமான அலட்சியம் என்று காட்டினால்தான் குற்ற வழக்கு நிற்கும், அதற்கும் முதலில் வேறொரு மருத்துவரின் கருத்து வேண்டும். ஆவணங்களை எழுத்துமூலம் கேளுங்கள், 72 மணி நேரத்தில் தந்தாக வேண்டும்.

கரிசல்மண்:
நுகர்வோன் ஐயா, அந்த 72 மணி நேரம் விதிப் புத்தகத்தில்தான் இருக்கிறது. என் மனைவியின் கோப்பு என் கைக்கு வர நான்கு மாதங்கள் ஆயின. மூன்று ஷிப்டுகளில் மூன்று செவிலியர்கள் எழுதியிருக்க வேண்டிய இரத்த அழுத்தக் குறிப்பு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரே கையெழுத்தில், ஒரே மையில் இருந்தது. அதைப் பார்த்த மருத்துவர் தவறு நடந்திருக்கிறது என்று வாயால் சொன்னார்; எழுதித் தரச் சொன்னதும் கோப்பை மூடி என் பக்கம் நகர்த்திவிட்டார். வழக்கு வேண்டாம் என்று சொல்லும் தாய்க்குச் சட்டம் சொல்லி என்ன பயன்?

ஓய்வுபெற்ற செவிலி:
வைகைக்கரை, அறுவைக்கு முன்னும், வயிற்றை மூடுவதற்கு முன்னும், தோலைத் தைப்பதற்கு முன்னும் எண்ண வேண்டும் என்பதுதான் முறை. ஒருநாள் ஒரு மாப் குறைகிறது என்று நான் சொன்னதற்கு, "மூடுகிறேன், நீங்கள் தேடுங்கள்" என்றார் மருத்துவர். மூட விடாமல் வாதாடினேன். அது அவருடைய செருப்புக்கு அடியில் ஒட்டிக் கிடந்தது. அதை நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. சொல்லாதது வேறொன்று. ஓரிரவில் நான்காவது சிசேரியன், அடுத்தவர் மேசைக்காக வெளியே காத்திருக்கிறார். மூன்றாவது முறை எண்ணாமலே நான் "சரி" என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அந்தப் பெண் மறுபடி வலியோடு வந்தாரா என்று பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கும் துணிவு, ஓய்வுபெறும் நாள் வரை எனக்கு வரவில்லை.