மையலினுக்குத் தமிழில் என்ன?

குழுவினருக்கு வணக்கம்.

மனச்சிதைவு நோயாளிகளின் குடும்பத்தாருக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன். நரம்பிழையைச் சுற்றிக் கொழுப்பும் புரதமும் அடுக்கடுக்காகப் படிந்த உறை, பாடநூலில் ‘மையலின் உறை’. இந்நோயோடு வாழ்ந்து இறந்தவர்களின் முன்மூளைப் புறணியில், இந்த உறை தொடர்பான மரபணுக்கள் சில குறைவாகவே செயல்பட்டிருந்ததை 2001இல் கண்டார்கள். ‘மையலின் குறைவு’ என்று எழுதினேன். அம்மா படித்துவிட்டு, “மையல்னா பித்துதானே? குறைஞ்சா நல்லதாச்சே!” என்றார். வேறு சொல் தாருங்கள்.
– க.

அம்மாவின் வாசிப்பில் பிழையே இல்லை. ‘மையல் ஒருவன் களித்தற்றால்’ என்ற குறளில் மையல் பித்துதான். ‘இன்’ ஐந்தாம் வேற்றுமை என்றால் பித்தை விடக் குறைவு. சாரியை என்றால் பித்தினது குறைவு. இரண்டும் வம்பு. ‘மயலின்’ என்று எழுதினாலும் தப்ப முடியாது, மயலும் மயக்கமே.

வேரைப் பார்ப்போம். 1854இல் ஜெர்மன் மருத்துவர் விர்ச்சோ இட்ட பெயர் இது. கிரேக்கத்தில் ‘மியெலோஸ்’ என்றால் எலும்புக்குள் இருக்கும் மச்சை. சித்த மருத்துவத்தின் ஏழு உடற்கட்டுகளில் என்புக்கு அடுத்து வரும் ‘மூளை’ இந்த மச்சைதான். ஆக, நேர்ச்சொல்: மூளை.
– இரா.

ஐயா, மூளையில் மூளை குறைகிறது என்று எழுதவா?
– க.

‘வெண்ணிணம்’ என்று வையுங்கள். உலர் எடையில் 70 விழுக்காட்டுக்கு மேல் கொழுப்பு. மூளையின் வெண்பகுதி வெளுத்திருப்பதும் இதனால்தான். நிணம் என்றால் கொழுப்பு, சங்க காலச் சொல். அந்த உறையைச் செய்யும் ஒலிகோடெண்ட்ரோசைட்டுக்கும் தமிழ் வேண்டாமா? ஒலிகோ சில, டெண்ட்ரான் மரம். எனவே ‘சில்கிளையணு’.
– பொ.

நிணநீர் என்று ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, தோழர். நிணம் என்றாலே மாணவர்களுக்கு நெறிக்கட்டிதான் நினைவுக்கு வரும். சில்கிளையணுவைப் படிப்பவர் ஏதோ சில்லென்ற கிளை என்பார். அந்தச் செல் ஒன்றே 50 துண்டுகள் வரை உறை சுற்றும்; வேலையை வைத்து ‘உறைசெய் செல்’ எனலாம் என்றால், மூளைக்கு வெளியே அதே வேலையை ஷ்வான் செல் செய்கிறது. அதை என்ன செய்வது?

சொல்லை விட உள்ளடக்கம் எனக்குக் கவலை. ‘குறைவு’ என்று அடித்துச் சொல்லாதீர்கள். 2018இல் 1,963 நோயாளிகளையும் 2,359 மற்றவர்களையும் ஒப்பிட்ட ஸ்கேன் ஆய்வில் வெண்பகுதி மாற்றம் பரவலாகத் தெரிந்தது, உண்மை. ஆனால் அந்த ஸ்கேன் பார்ப்பது நீர் எந்தத் திசையில் பரவுகிறது என்பதை. உறையை நேராக அல்ல. முன்மூளையில் உறை படிவது இருபதுகளிலும் தொடர்கிறது, நோய் தலைகாட்டுவதும் பெரும்பாலும் அந்த வயதை ஒட்டியே. சந்தேகம் வலுப்பதற்கு இது ஒரு காரணம். உறை கெட்டதால் நோயா, நோயால் உறை கெட்டதா என்பது இன்னும் தீரவில்லை.
– மரு. வ.

செல் என்றே எல்லோரும் எழுதுகிறீர்கள், எங்களுக்குக் கலம்தான். சரி, அதை விடுங்கோ. ‘சிதைவு’ என்பதை ஒரு நோயாளியின் தாய் எப்படி வாசிப்பா? யப்பானில் 2002இல் ‘மனப்பிளவு’ என்ற பழைய பெயரையே மாற்றிப்போட்டார்கள். கொரியாவின் புதுப்பெயர் நரம்புக்கருவிக்குச் சுருதி கூட்டுவதைக் குறிக்கும். யாழுக்கும் உடம்புக்கும் ஒரே ‘நரம்பு’ வைத்திருக்கிற நாங்கள் ஏன் யோசிக்கவில்லை?
– சி., யாழ்ப்பாணம்

ஆகா! யாழின் தோலைப் ‘போர்வை’ என்பர். எனவே ‘நரம்புப் போர்வை’!
– இரா.

அந்தப் போர்வை பத்தருக்கு, அதாவது யாழின் குடத்துக்கு; நரம்புக்கு அல்ல ஐயா.
– பொ.

நண்பர்களே, நாளை வெள்ளி. அப்புறம் தனிமடலில் நால்வர் ‘வெண்ணுறை’ என்றார்கள். அதையே போடுகிறேன், முதலிடத்தில் மட்டும் அடைப்புக்குறியில் மையலின். ‘குறைவு’ போய் ‘மாற்றங்கள் காணப்படுகின்றன’ வந்துவிட்டது. செல்லின் பெயர் ஒலிபெயர்ப்பாகவே இருக்கும். நோயின் பெயரைத் தொடவில்லை; அதற்கு ஒரு வாரம் போதாது.
– க.

வெண்ணுறை உறைக்குப் பெயர், பொருளுக்கு அல்ல. அந்தப் பொருளின் புரதத்தைச் சொல்ல வரும்போது மாட்டுவீர்கள். என் எதிர்ப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.
– மரு. வ.

இன்று வகுப்பில் ‘வெண்ணுறை’ என்று பலகையில் எழுதினேன். பின்வரிசையில் ஒருத்தன், “தலையணைக்கா மிஸ்?” என்றான்.
– சி.