மானிட்டரைக் கழற்றியதும் ரிமோட்டில் கறுப்புத் திரை, உதவுங்கள்

பெரம்பூர்வாசி:
வீடு பெரம்பூர், வேலை சிறுசேரி. போகவரவே பாதி நாள் போய்விடுவதால் ஆபீஸ் பக்கத்திலேயே ரூம் எடுத்துவிட்டேன், வீட்டு டெஸ்க்டாப்பை லேப்டாப்பிலிருந்து ஒரு ரிமோட் ஆப் வழியாகத்தான் ஓட்டுகிறேன். போன ஞாயிறு தம்பி மானிட்டரைக் கழற்றிக்கொண்டு போனான். அன்றிலிருந்து கனெக்ட் ஆகிறது, ஆனால் வெறும் கறுப்பு. அம்மாவைக் கேட்டால் டப்பாவில் லைட் எரியுது என்கிறார். விண்டோஸ் 11 ஹோம், தனி கிராபிக்ஸ் கார்டு. இதற்காக இன்னொரு மானிட்டர் வாங்கணுமா?

ஒயர்மேன்:
வேண்டாம் பாஸ். மானிட்டர் தன் அளவையும் ரெசல்யூஷனையும் கேபிள் வழியாகக் கார்டுக்குச் சொல்லும், அதுதான் ஈடிஐடி. அது வராவிட்டால் பல கார்டுகள் படமே வரைவதில்லை, அப்புறம் ஆப் எதை எடுத்து அனுப்பும்? ரிச்சி தெருவில் எச்டிஎம்ஐ டம்மி பிளக் என்று கேளுங்கள், கட்டைவிரல் அளவுதான், மானிட்டர் இருப்பதுபோல் கார்டை நம்பவைக்கும். கன்வெர்ட்டரை எடுத்து நீட்டினால் வாங்காதீர்கள். கார்டில் இருக்கும் போர்ட்டில் சொருகணும், மதர்போர்டில் இல்லை.

நைட்ஷிஃப்ட்:
விண்டோஸ் ப்ரோ இருந்தால் பிளக்கே வேண்டாம், அதிலுள்ள ரிமோட் டெஸ்க்டாப் தனக்கென்று ஒரு திரையை உருவாக்கிக்கொள்ளும். ஹோமிலிருந்து வெளியே போகலாம், அதற்குள் வர முடியாது. ப்ரோவுக்கு மாறினாலும் தயவுசெய்து ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டாப் பயன்படுத்தும் 3389 போர்ட்டை வெளி இணையத்துக்குத் திறந்து வைக்காதீர்கள், பாஸ்வேர்டைப் போட்டுப் போட்டுப் பார்க்கிற பாட்கள் ராத்திரி பகலாக வரும். இரண்டு கணினியிலும் டெயில்ஸ்கேல் (கணினிகளைத் தனி நெட்வொர்க்காக இணைக்கும் ஆப்) போட்டு, அது தரும் 100-ல் தொடங்கும் முகவரிக்குப் போங்கள். உங்கள் கனெக்‌ஷனுக்குத் தனி பப்ளிக் ஐபி (வெளியிலிருந்து நேராக வரக்கூடிய இணைய முகவரி) இல்லாவிட்டாலும் ஓடும்.

பெரம்பூர்வாசி:
பிளக் போட்டாச்சு, 1080-ல் பளிச்சென்று வருகிறது, நன்றி. ஆனால் நேற்று சாயங்காலம் கரண்ட் போய் வந்தது, கணினி எழவே இல்லை. முழங்கால் வலியோடு அம்மா மாடியேறிப் பட்டனை அமுக்கினார்.

ஒயர்மேன்:
பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் செட்டிங்ஸ் திரை) ‘ரீஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்’ என்றோ அதை ஒட்டிய பெயரிலோ ஒன்று இருக்கும், அதை பவர் ஆன் ஆக்குங்கள். விண்டோஸில் ஸ்லீப்பை ‘நெவர்’ ஆக்கிவிடுங்கள், தூங்கிவிட்டால் ரிமோட்டும் போச்சு. பயாஸ் இந்த ஆப்பில் தெரியாது, அதனால் ஒரு நாள் தம்பியிடம் மானிட்டரைக் கடன் வாங்கணும்.

பெரம்பூர்வாசி:
அவன் எங்கே தருவான்! சனிக்கிழமை வீட்டுக்குப் போய் ஹால் டிவியில் சொருகி மாற்றிவிட்டேன். சுவரில் சுவிட்சை அணைத்துப் போட்டேன், தானாக எழுந்தது. அம்மா இன்னும் ராத்திரி அந்தச் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் படுக்கிறார், அதன்மேல் செல்லோடேப் ஒட்டியிருக்கிறேன்.