வாங்கின வீட்டின் பரணில் துப்பாக்கி கிடைத்தால் யாரிடம் சொல்வது?

பரண்வாசி:

கொஞ்சம் பதற்றத்தில் எழுதுகிறேன், முன்பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய வீடு ஒன்றை வாங்கிப் பத்திரம் பதிந்து மூன்று வாரம் ஆகிறது. நேற்று பரணைப் பிரித்துக்கொண்டிருந்த ஆசாரி மேலேயிருந்து "சார், இங்க ஒரு நிமிஷம் வாங்க" என்று கூப்பிட்டார், அந்தக் குரலிலேயே ஏதோ சரியில்லை என்று புரிந்துவிட்டது. உத்தரத்துக்கும் சுவருக்கும் நடுவில் எண்ணெய்ச் சாக்கில் சுற்றி ஒரு ஒற்றைக்குழல் துப்பாக்கி. பக்கத்திலேயே பிஸ்கட் டின், அதற்குள் தோட்டாக்கள். அட்டை உடம்பு ஊறிப்போய், அடிப்பக்கத்துப் பித்தளையில் பச்சை பூத்துக் கிடக்கின்றன. எத்தனை என்று எண்ணவில்லை, டின்னை அப்படியே மூடிவிட்டேன்.

விற்றவருக்குப் போன் செய்தேன். "அப்பாவோடதா இருக்கும், லைசென்ஸ் வெச்சிருந்தார், அவர் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆச்சு, நீங்களே ஏதாவது பண்ணிக்கோங்க" என்று வைத்துவிட்டார். ஏதாவது என்றால் என்ன? வீட்டோடு வந்ததால் அது என் பொருளா? போலீசில் சொன்னால் என் மேலேயே வழக்கு வருமா? வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

கிணற்றுத்தவளை:

என்னைக் கேட்டால் ராத்திரியோடு ராத்திரியாகக் கொண்டுபோய் ஆழமான தண்ணீரில் போட்டுவிட்டு மறந்துவிடுங்கள். ஸ்டேஷன் பக்கம் போனால் சாட்சி, வாய்தா என்று பாதி ஆயுசு போகும். ஆசாரிக்கு மட்டும் ஏதாவது கொடுத்துவிடுங்கள்.

கோர்ட்டுவாசல்:

தவளை நண்பரே, இதைவிட மோசமான யோசனை இருக்க முடியாது. ஆசாரிக்குத் தெரியும், விற்றவருக்குத் தெரியும், இப்போது இங்கே படிக்கிற எல்லோருக்கும் தெரியும். அந்தத் துப்பாக்கி பழைய குற்றம் எதிலாவது சம்பந்தப்பட்டிருந்தால், தண்ணீரில் போட்டவர் தடயத்தை மறைத்தவர் ஆகிவிடுவார். அதற்கு பாரதிய நியாய சன்ஹிதாவில் 238 என்று தனிப் பிரிவே உண்டு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் (ஐபிசி) 201தான் அது.

பரண்வாசி சார், இந்தியாவில் இதற்கு 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம். உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது அதன் 3ஆவது பிரிவு. கவனியுங்கள், தோட்டா தனிக் கணக்கு, துப்பாக்கி துருப்பிடித்து ஒன்றுக்கும் ஆகாமல் போயிருந்தாலும் டின்னில் இருப்பது உங்களை மாட்டிவிடும். தண்டனை 2019 திருத்தத்துக்குப் பிறகு இரண்டிலிருந்து ஐந்து வருஷம், அபராதம் தனி. தொடர்ந்து சுடும் தானியங்கி வகை என்றால் ஏழிலிருந்து பதினான்கு வருஷம், ஆனால் நீங்கள் சொல்வது அந்த வகை இல்லை.

பயப்படுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. 'வைத்திருத்தல்' என்றால் என்ன என்பதில்தான் உங்கள் பாதுகாப்பு இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 1972இல் குன்வந்த்லால் வழக்கில், பொருள் இருப்பது தெரிந்திருக்க வேண்டும், அது உங்கள் கட்டுப்பாட்டிலும் இருக்க வேண்டும் என்றது. 1994இல் சஞ்சய் தத் வழக்கிலும் அறிந்து வைத்திருத்தல் என்றே பொருள் கொண்டார்கள். விமான நிலையத்தில் பையின் மூலையில் ஒற்றைத் தோட்டா கிடந்து மாட்டியவர்கள் மேலிருந்த வழக்குகளை டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்திருப்பதும் இந்த அடிப்படையில்தான். ஆக ஆசாரி கூப்பிடும் வரை உங்கள் மேல் ஒன்றும் இல்லை. கூப்பிட்ட பிறகு? தெரிந்துவிட்டது, வீடும் உங்களுடையது. நீங்கள் சும்மா இருக்கிற ஒவ்வொரு நாளும் அந்தப் பாதுகாப்பு கரைகிறது. "நேற்று பார்த்தேன், இன்று வந்தேன்" என்று சொல்வது ஒன்று, "போன மாசம் பார்த்தேன்" என்று சொல்வது வேறு.

வழக்கு வருமா என்றால், 3ஆவது பிரிவின்படி வழக்குத் தொடர மாவட்ட மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி வேண்டும் (பிரிவு 39). தானே வந்து எழுத்தில் சொன்னவர் மேல் அதைக் கேட்பது சுலபமில்லை. நடக்கவே நடக்காது என்று சத்தியம் பண்ண மாட்டேன், அதனால் ஒரு வக்கீலைக் கூட அழைத்துப் போங்கள்.

ஸ்டேஷனுக்குப் போகும்போது துப்பாக்கியை எடுத்துப் போகாதீர்கள்! வண்டியில் வைத்துக்கொண்டு நடுவழியில் சோதனையில் மாட்டினால் "ஒப்படைக்கத்தான் போறேன்" என்பதை யார் நம்புவார்கள்? அது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், அறையைப் பூட்டுங்கள், போலீசை வரச் சொல்லுங்கள்.

தேம்ஸ்கரை:

எடுத்துப் போகாதே என்று அவர் சொன்னதற்கு இங்கிலாந்தில் நடந்த ஒன்று. 2009இல் முன்னாள் ராணுவ வீரர் ஒருவர் தன் தோட்டத்தில் கிடந்த கறுப்புப் பையில் குழல் அறுத்த துப்பாக்கி இருப்பதைப் பார்த்து, சில நாள் கழித்துத் தானே போலீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். என்ன கொண்டுவருகிறேன் என்று முன்கூட்டிச் சொல்லவில்லை. அங்கேயே கைது, ஜூரி குற்றவாளி என்றது. அந்த வகைத் துப்பாக்கிக்கு இங்கே குறைந்தபட்சமே ஐந்து வருஷம், விதிவிலக்கான சூழ்நிலை என்று நீதிபதி தண்டனையை நிறுத்தி வைத்ததால்தான் சிறைக்குப் போகாமல் தப்பினார். நல்ல எண்ணம் இருந்தது என்பதை இங்கே சட்டம் கேட்டுக்கொள்ளவே இல்லை. இந்தியச் சட்டம் அவ்வளவு மூர்க்கம் இல்லை போலிருக்கிறது, இருந்தாலும் தொடாதீர்கள்.

பழைய_கிளார்க்:

ஆயுத உரிமப் பிரிவில் பல வருஷம் குப்பை கொட்டியவன், அதனால் ஒன்றிரண்டு சொல்கிறேன்.

விற்றவர் "நீங்களே பண்ணிக்கோங்க" என்றது தப்பு. உரிமதாரர் இறந்ததும் அந்த உரிமம் பிள்ளைக்குத் தானாக வராது. வைத்திருப்பது எந்தக் காரணத்தாலாவது சட்டப்படி இல்லாமல் போனால் தாமதிக்காமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும், 21ஆவது பிரிவு. வாரிசு தன் பேரில் உரிமம் கேட்டிருக்கலாம், 2016 ஆயுத விதிகளில் அதற்கு வழி இருக்கிறது. அவர் இரண்டும் செய்யவில்லை.

நீங்கள் வாரிசும் இல்லை. பத்திரத்தில் "வீடும் அதைச் சேர்ந்த சகல பாத்தியங்களும்" என்று எழுதியிருப்பார்கள், அதில் துப்பாக்கி சேராது. உரிமம் இல்லாதவருக்கு விற்பதே குற்றம், அப்புறம் வீட்டோடு சேர்த்து எப்படிக் கைமாறும்?

ஸ்டேஷனில் கொடுக்கிற மனுவில் விற்றவருடைய அப்பாவின் பெயரையும் அவருக்கு உரிமம் இருந்ததாக மகன் சொன்னதையும் எழுதுங்கள். கலெக்டர் ஆபீஸ் பழைய பதிவேட்டில் உரிம எண்ணோடு துப்பாக்கி எண்ணும் இருக்கும். குழலில் பொறித்த எண்ணோடு அது ஒத்துப்போனால் பாதி வேலை முடிந்தது, யாருடைய பொருள் என்ற கேள்வியே உங்களிடம் வராது. அதற்காக நீங்களே துணியால் துடைத்து எண்ணைத் தேடாதீர்கள். அந்தக் காலத்து ஆட்கள் தோட்டா போட்டபடியே மாட்டி வைப்பார்கள். ஊறிப்போன தோட்டாவைப் பிரித்துப் பார்க்கவும் வேண்டாம், மருந்து நமத்திருந்தாலும் அடித்தட்டில் மருந்தைப் பற்றவைக்கிற குப்பி (பிரைமர்) வெடிக்கலாம்.

சுவரலங்காரம்:

எங்கள் தாத்தா காலத்து நாட்டுத் துப்பாக்கி ஒன்று வரவேற்பறைச் சுவரில் மாட்டியிருக்கிறது, யாரும் ஒன்றும் கேட்டதில்லை. பழைய பொருளுக்கு விலக்கு உண்டுதானே?

கோர்ட்டுவாசல்:

உண்டு, 45ஆவது பிரிவில். ஆனால் எல்லோரும் பாதி வரியைத்தான் படிக்கிறார்கள். வழக்கொழிந்த மாதிரியாகவோ பழம்பொருளாகவோ உடைந்ததாகவோ இருக்கலாம், கூடவே பழுது பார்த்தாலும் சரி பார்க்காவிட்டாலும் சரி, சுடவே முடியாததாக இருக்க வேண்டும். 'பழுது பார்த்தாலும்' என்ற சொல்லில்தான் பலர் மாட்டுகிறார்கள், துரு ஏறிய விசையை மாற்றினால் சுடும் என்று தடயவியல் நிபுணர் எழுதிவிட்டால் விலக்கு போயிற்று. நீங்களும் ஒரு மனு தயார் செய்வது நல்லது சுவரலங்காரம் சார். ஏர் கன் என்றால் வேறு கணக்கு: .177 அங்குலத்துக்கு மேல் துவாரமோ 20 ஜூலுக்கு மேல் குண்டு வெளியேறும் ஆற்றலோ இருந்தால்தான் உரிமம் வேண்டும்.

பரண்வாசி:

போய்விட்டு வந்தேன். காலையிலேயே வக்கீலோடு போய் மனு கொடுத்தோம், பத்திர நகல், ஆசாரியின் வாக்குமூலம், விற்றவருக்குப் போன் செய்த நேரம் எல்லாம் சேர்த்து. பணியில் இருந்தவர் முதலில் "கொண்டு வந்துட்டீங்களா?" என்றுதான் கேட்டார். இல்லை, நீங்கள்தான் வரவேண்டும் என்றதும் முறைத்தார், ஆனால் மத்தியானம் வந்தார்கள். மடக்கித் திறந்து பார்த்தால் உள்ளே ஒரு தோட்டா இருந்தது. என் பையன் போன வாரம் அந்த ஏணியில் ஏறி விளையாடினான், அதை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

விற்றவரையும் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். மாலையில் எனக்குப் போன் செய்து ஒரே சத்தம், நான் அவரை மாட்டிவிட்டேனாம். பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன்.

ஒரு சந்தேகம் மட்டும். கொடுத்த ரசீதில் "பழைய துப்பாக்கி ஒன்று" என்று மட்டும் எழுதியிருக்கிறது, தோட்டா பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பழைய_கிளார்க்:

இன்றே திரும்பப் போங்கள். டின்னில் எத்தனை, குழலுக்குள் ஒன்று, குழலில் இருக்கிற எண் என்ன, மூன்றையும் எழுதி வாங்காமல் வராதீர்கள். தேதியும் நேரமும் கூட.

பரண்வாசி:

வாங்கிவிட்டேன். டின்னில் பதினொன்று, குழலில் ஒன்று.