புதுப்பிப்பு: ஏசிஎல் ஒப்பரேஷன் முடிந்தது

ஃபுட்போல் ஆடி ஏசிஎல் (முழங்காலுக்குள் மேல் எலும்பையும் கீழ் எலும்பையும் இணைக்கிற நார்) அறுந்துவிட்டது, அதற்குப் பதிலாக என் காலிலிருந்தே எந்தத் தசைநாரை எடுத்துப் புதிதாகக் கட்டுவது நல்லது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இப்போது வெள்ளவத்தை வீட்டில் ஓய்வு.

கடைசியில் தொடையின் பின்பக்க ஹாம்ஸ்ட்ரிங் தசைநார்தான். முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ளதை எடுத்தால் இரு முனையிலும் எலும்புத் துண்டு இருக்கும், சீக்கிரம் ஒட்டும். ஆனால் பிறகு முழந்தாளிட வலிக்கலாம். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போகிற எனக்கு அது சரிவராது. தசைநாரை மடித்து, மேல் எலும்பிலும் கீழ் எலும்பிலும் துளைபோட்டு இழுத்து, மேலே சின்ன உலோகப் பட்டன், கீழே ஸ்குரூ.

நான் மடக்குவதைப் பற்றியே கவலைப்பட, பிசியோ அக்கா விடவில்லை: "முதல்ல காலை முழுசா நீட்டுங்கோ தம்பி, மடக்கிறது பிறகு வரும்." குதிகாலுக்குக் கீழே துவாயைச் சுருட்டி வைத்து, முழங்காலைக் கீழே அழுத்தவேண்டும். உயிர் போகும்!

இன்னொன்று: வலி குறைந்து நன்றாக நடக்கத் தொடங்கும் 6 முதல் 12 வாரம் வரைதான் புதுத் தசைநார் மிகவும் பலவீனமாக இருக்குமாம். ஆகவே காலி வீதியில் ஓடுகிற பஸ்ஸில் தாவி ஏறுவதெல்லாம் கிடையாது. ஃபுட்போல்? 9 மாதத்துக்கு முன் பேச்சே இல்லை. அதுவும் இரண்டு தொடையின் பலத்தையும் அளந்து பார்த்த பிறகுதான்.