அந்தரங்க சீஷனாக இருந்த ஆண்டுகள்

அலுவலகத்தில் சேர்ந்து 9 ஆண்டுகள்வரை, நான் இயேசுவை விசுவாசிக்கிறவன் என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை எங்கே போனீர்கள் என்று கேட்டால், ‘ஒரு வேலை இருந்தது’ என்பேன். சாப்பிடுவதற்கு முன் கண்களை மூடத் துணிவில்லாமல், நெற்றியைத் தடவுவதுபோல் பாவனை செய்துகொண்டே ஜெபத்தை மனதுக்குள் முடித்துவிடுவேன். ஒரு நாள் எதிரில் இருந்தவர், ‘தலைவலியா?’ என்று அக்கறையோடு கேட்டு மாத்திரை ஒன்றை நீட்டினார். நானும் வாங்கி விழுங்கினேன். (நீங்கள் சிரித்தால் தவறில்லை.)

நான் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். நடக்காத வேலைக்கு நடந்ததாக ஒரு பில் தயாரிக்கும்படி மேலாளர் சொன்னபோது, மறுத்துவிட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. ஆனால் மறுப்பதற்கான காரணத்தைச் சொல்லத்தான் நா எழவில்லை. ஆகவே, ‘தணிக்கையில் மாட்டிக்கொள்வோம், ஐயா’ என்றேன். அவர் யோசித்துவிட்டுப் போனார். மூன்றாம் நாள் திரும்பி வந்து, இந்தப் பில் தணிக்கைக்கே போகாதபடி ஏற்பாடு செய்துவிட்டதாகவும், இனி நான் பயப்பட வேண்டியதில்லை என்றும் சொன்னார். நான் ஒளிந்துகொண்டிருந்த சுவரை அவர் மிகுந்த அன்போடு இடித்துவிட்டார்.

அந்த இரவு யோவான் சுவிசேஷத்தின் 7ஆம் அதிகாரத்தை வாசித்தேன். யூதர்களின் ஆலோசனைச் சங்கத்தில் இயேசுவுக்காகப் பேசிய நிக்கொதேமு என்ற யூதத் தலைவன், தான் அவரை நம்புவதாகச் சொல்லவில்லை. ஒருவனை விசாரிக்காமல் தீர்ப்பிட நம்முடைய நியாயப்பிரமாணம் இடம் தருகிறதா என்றுதான் கேட்டான். அதுவும் சட்டத்தின் பின்னால் நின்ற பேச்சுத்தான். அப்படியும், இயேசுவின் நாடான கலிலேயாவைச் சொல்லி, ‘நீரும் கலிலேயனோ’ என்ற ஏளனத்துக்கு அவன் தப்பவில்லை. அதே மனிதன் 19ஆம் அதிகாரத்தில், சிலுவையில் மரித்தவரை அடக்கம்பண்ண ஏறக்குறைய நூறு இராத்தல் நறுமணப் பொருட்களோடு வருகிறான். அத்தனை சுமையை ஒளித்துக் கொண்டுவர முடியாது. பயத்தினால் அந்தரங்க சீஷனாயிருந்த அரிமத்தியா ஊர் யோசேப்பும் அவனோடு இருந்தான்.

மறுநாள் மேலாளரிடம், ‘தணிக்கை ஒரு சாக்கு, ஐயா. நான் கிறிஸ்தவன், பொய்க்கணக்கு எழுத என் மனச்சாட்சி இடம் தரவில்லை’ என்றேன். குரல் நடுங்கியது. அவர் பதில் சொல்லாமல் கோப்பை எடுத்துக்கொண்டு போனார். அந்த ஆண்டு வரவேண்டிய பதவி உயர்வு எனக்கு வரவில்லை. காரணம் இதுதானா என்று நான் கேட்கவும் இல்லை. சாப்பாட்டு மேசையில் இப்போது கண்களை மூடியே ஜெபிக்கிறேன். மாத்திரை கொடுத்தவரிடமும் உண்மையைச் சொன்னேன். மாத்திரையைத் திருப்பித் தரும்படி கேட்டுச் சிரித்தார்.

மேலே தன் அனுபவத்தை எழுதிய சகோதரருக்கு மறுமொழியாக, வாசகியாகிய நான் என் அனுபவத்தையும் எழுதுகிறேன். அது இதற்கு நேர்மாறானது. எனக்கு வெளிப்படையாக இருப்பதில் ஒருபோதும் தயக்கம் இருந்ததில்லை. மேசைமேல் வசன அட்டை வைத்திருந்தேன், யாரோடும் வாதாடுவேன், அதையே தைரியம் என்று நம்பினேன். ஒரு நாள் சக ஊழியை ஒருவர் மெதுவாகச் சொன்னார்: ‘அக்கா, உங்கள் வசனத்தைத் தினமும் படிக்கிறேன். நேற்று துப்புரவுப் பணியாளரை நீங்கள் திட்டியதையும் கேட்டேன்.’

நம்பிக்கையைக் குறித்துக் கேட்கிறவர்களுக்கு ‘சாந்தத்தோடும் வணக்கத்தோடும்’ பதில் சொல்லும்படி பேதுரு எழுதியிருப்பது எனக்கு மனப்பாடம். அட்டையை எடுத்து உள்ளே வைத்தேன். அதை மேசைமேல் வைத்த நாளில் எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்தப் பணியாளரிடம் போய் மன்னிப்புக் கேட்க 11 நாட்கள் ஆயின. ‘அதை அப்போதே மறந்துவிட்டேன், அம்மா’ என்றார், என் முகத்தைப் பார்க்காமலே.